அந்த வேலையை ஏன் விட்டீர்கள்?

பெருமுக்கல்
24.10.1993

மரியே வாழ்க

அன்புள்ள அக்கா இருதயசெல்விக்கு,

தங்கை ரோஸ்லின் எழுதுவது. இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப் போகிறேன். இதில் மட்டும் இல்லை, இனிமேல் உனக்கு எழுதும் எல்லாவற்றிலும் அப்படித்தான். போன தடவை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். அதனால்தான் "யாவரும் சுகம், கவலை வேண்டாம்" என்று இருந்தது. அப்பாவுக்கு ரைஸ்மில் தூசியால் இருமல் இன்னும் நிற்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது?

நீ ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டாய் என்று உன் முதலாளி வெங்கடாசலம் மில்லுக்கு போன் செய்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"ஒன்னர வருசமா நெழல்ல குந்திக்கினு பாக்கற வேல. மூட்ட தூக்கினாளா, நாத்து நட்டாளா? பிரஷ்ஷ புடிச்சிக்கினு போட்டோவுல இருக்கற மூஞ்சிக்கு டச்சப் பண்றதுக்கு இன்னா கேடு வந்துச்சாம்?" என்றார். பிறகு, "ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வேற வேல கெடைக்கலன்னா நானே வந்து திரும்ப ஸ்டூடியோவுல வுட்டுட்டு வந்துருவேன்" என்றார். அவர் சொன்னால் செய்வார் என்பது உனக்குத் தெரியும்.

நீ பயப்படாதே. விழுப்புரம் இப்போது தனி ஜில்லா. புதிது புதிதாக ஆபீசும் கடையும் வரும் என்று எங்கள் வரலாறு டீச்சர் சொல்கிறார். திண்டிவனம் நூலகத்திலிருந்து நேர்முகத் தேர்வு பற்றிய புத்தகம் ஒன்று எடுத்து வந்திருக்கிறேன். அட்டை கிழிந்திருந்தாலும் விஷயம் முழுசாக இருக்கிறது. எந்த முதலாளியும் கேட்காமல் விடாத கேள்வி "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்பதுதானாம். உண்மையான காரணத்தை எனக்கு எழுது. அதை அழகான பதிலாக நான் மாற்றித் தருகிறேன்.

இதை அம்மா படத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். ஜீரோ வாட் பல்பின் சிவப்பு வெளிச்சம் எனக்குப் போதும். அம்மா சாகும்போது எனக்கு மூன்று வயது, அதனால் எனக்கு அம்மா என்றால் இந்தப் படம்தான். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் என்னையே பார்க்கிறாள். ஆகஸ்டில் மாதா பண்டிகைக்கு வந்தபோது நீ இந்தப் பல்பை அணைக்கச் சொன்னாய். அது என்றைக்குமே அணைந்ததில்லை, அணைக்க மாட்டேன் என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அது ஏன் என்றும் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரோஸ்லின்


விழுப்புரம்
6.11.1993

மரியே வாழ்க

அன்புள்ள ரோசுக்கு அக்காவின் ஆசிகள்.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்ததிலிருந்து கண் எரிச்சலும் இல்லை. அப்பாவை மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல். சிஸ்டர்களின் விடுதியிலேயே இருக்கிறேன். காலையில் சமையற்கட்டில் கூடமாட வேலை செய்வதால் என்னைப் போகச் சொல்லவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வர முடியவில்லை. எனக்கும் சேர்த்து நீ மெழுகுவத்தி வைத்திருப்பாய்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அச்சகத்தில் ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். உன் புத்தகம் சொன்னது சரிதான். உட்கார்ந்ததும் அதையே கேட்டார்.

"ஏம்மா, போட்டோக்கடைய வுட்டுட்ட?"

"சம்பளம் பத்தலைங்க" என்றேன்.

"அந்தாளு குடுத்ததே ஜாஸ்தியாச்சேம்மா. நான் அதுல பாதிதான் குடுப்பேன். போய்ட்டு வா" என்று சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டார்.

நீ கேட்ட காரணம்: அந்த வேலை எனக்கு ஒத்து வரவில்லை. அவ்வளவுதான். நீ பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படி, என் பாடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
இருதயசெல்வி


பெருமுக்கல்
15.11.1993

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அம்மா படத்தின் மேல் மட்டும் ஒழுகவில்லை. அப்பா துண்டு கட்டச் சம்மதித்துவிட்டார். மில்லில் எல்லாரும் திருடன் என்று கூப்பிடுகிறார்களாம். உனக்குச் சளி கிளி பிடிக்காமல் இருக்கிறதா?

"ஒத்து வரவில்லை" என்பது பதில் இல்லை அக்கா. செருப்பு ஒத்து வரவில்லை என்றால் எந்த விரலைக் கடிக்கிறது என்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் கடித்தது? முதலாளி திட்டினாரா? வேலை அதிகமா? பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் சரியில்லையா? மூன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருந்திருந்தால் நீ ஆகஸ்டிலேயே அவர்களைப் போல நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்திருப்பாய்.

சம்பளத்தைப் பற்றி முதலில் நாம் வாயைத் திறக்கவே கூடாதாம். "முன்னேற்றத்துக்கு வாய்ப்புள்ள இடத்தைத் தேடுகிறேன்" என்று சொல்ல வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை முதலாளியாக உட்கார வைத்து, நான் நீயாக நடித்துப் பழகிப் பார்த்தேன். இந்தப் பதிலைச் சொன்னதும் அப்பா, "அதெல்லாம் கெடக்கட்டும், உனுக்கு சாக்கு தைக்கத் தெரியுமா?" என்றார். எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் நீ சொன்னால் கிடைக்கும்.

என்றும் அன்புள்ள,
ரோஸ்லின்


விழுப்புரம்
11.12.1993

மரியே வாழ்க

அன்புள்ள ரோசுக்கு,

நலம். உன் அரையாண்டுத் தேர்வு நன்றாக நடக்க வேண்டிக்கொள்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

ஒரு ஜவுளிக்கடைக்கு பில் போட ஆள் கேட்டார்கள். நீ எழுதிய பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "முன்னேற்றத்துக்கு வாய்ப்புள்ள இடத்தைத் தேடறேங்க" என்றதும், கடைக்காரர் பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளையைப் பார்த்தார்.

"இங்க முன்னேறி எங்கம்மா போவ? என் சீட்டுக்கா?" என்றார். கணக்குப்பிள்ளை, "மொதல்ல என் சீட்டு, அப்புறம்தான் உங்க சீட்டு" என்றார். இருவரும் நல்ல மாதிரியான மனிதர்கள்தான். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் கடைக்காரர் சொன்னார்: "வேல தெரிஞ்ச பொண்ணாதான் இருக்க. ஆனா வந்ததுல இருந்து தரையப் பாத்துதான் பேசற. கஸ்டமரு மூஞ்சப் பாத்துப் பேச வேணாமா? கண்ணப் பாக்க மாட்டன்றியே."

நான் அப்படி இருக்கிறேன் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
இருதயசெல்வி


பெருமுக்கல்
28.12.1993

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வாழ்த்து. நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் நீ ஏன் வரவில்லை என்று கேட்கிறேன். கடைசி பஸ் வரைக்கும் ரோட்டில் நின்றேன். அப்பா சைக்கிளோடு வந்து, "வாடி, குளுருல நின்னு காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சின்னா பேஜாரு" என்று கூட்டிப் போனார். அப்பா கறி எடுத்து வந்திருந்தார். உனக்காக எடுத்து வைத்ததை மறுநாள் நானே சாப்பிட்டேன். உண்மையை எழுதுவேன் என்று சொல்லியிருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஸ்டூடியோவில் சேர்ந்த புதிதில் கடைசி வரியில் எப்போதும் "அம்மாவிடம் சொல்லு" என்று எழுதுவாய். நானும் படத்துக்கு முன்னால் நின்று படித்துக் காட்டுவேன். போன ஈஸ்டருக்குப் பிறகு வந்த ஒரு கடிதத்திலும் அந்த வரி இல்லை. அம்மாவின் மேல் உனக்கு ஏதாவது கோபமா? செத்துப்போனவர்கள் மேல் எப்படிக் கோபப்பட முடியும்?

அப்பா நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெங்கடாசலம் மறுபடியும் போன் செய்தாராம். "பொண்ணு கைவேல எனுக்கு வேணும்" என்றாராம்.

பதில் போடு அக்கா.
ரோஸ்லின்


விழுப்புரம்
22.1.1994

மரியே வாழ்க

அன்புள்ள ரோசுக்கு,

நான் சுகம். கோபம் யார் மேலும் இல்லை.

கோலியனூர் போகும் வழியில் ஒரு சிறு பிள்ளைகள் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆபீஸ் வேலையும் பார்த்து, படம் வரையவும் சொல்லித்தர ஆள் கேட்டிருந்தார்கள். எனக்கென்றே வைத்திருந்த வேலை மாதிரி இருந்தது. நடத்துகிறவர் காந்திமதி அம்மாள், அன்பானவர். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் இறந்துபோன வீட்டுக்காரரின் படம் மாலையோடு இருந்தது.

"ஸ்டூடியோ வேல ஏம்மா புடிக்கல?" என்று கேட்டார். திட்டமாக ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் என் பார்வை போன இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர். அப்படியே நம்மளப் பாக்கற மாதிரியே இல்ல? நான் தெனமும் பேசுவேன்" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. பாவம், அவர் வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டார்.

வேறு விசேஷம் இல்லை.

இருதயசெல்வி


பெருமுக்கல்
13.2.1994

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டில் துக்கம். முனியம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா செவ்வாய்க்கிழமை களத்தில் மல்லாட்டைக் கொடியிலிருந்து கடலை பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அவரை ஒரு போட்டோகூட எடுத்ததில்லையாம். "மூஞ்சியே இல்லாம பூட்டாரே" என்று முனியம்மாள் அக்கா அழுதார். திண்டிவனத்தில் கேட்டுப் பார்த்தார்கள், செத்தவர்களை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாதான் மில் போனிலிருந்து உன் முதலாளியைக் கூப்பிட்டார். "செத்தவங்கள அவரு எடுப்பாருன்னு உனக்கு எப்படித் தெரியும்ப்பா?" என்று கேட்டேன். "நம்ம வூட்டுக்கு ஒரு வாட்டி வந்துக்கிறாரு" என்றார். எப்போது என்று கேட்டதற்கு, "போயி தண்ணி கொண்டா" என்றார்.

வெங்கடாசலம் மத்தியானம் வந்தார். மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் இடுப்பைக் கட்டினார்கள். முகவாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்கள். வாய் திறக்காமல் இருக்க அவருடைய மச்சான் பின்னால் குனிந்து, சட்டைக் காலருக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டார். வெள்ளைப் படுதாவின் ஒரு நுனியை நான் பிடித்தேன். கிட்டத்தில் இருந்ததால் எல்லாம் தெரிந்தது. மாமாவின் கண் மூடியிருந்தது.

"கண்ணு மூடிக்கினு இருக்கே" என்றேன்.

"கண்ண நாங்க அப்புறம் வச்சிக்குவோம்மா" என்றார் வெங்கடாசலம். "நீ செல்வி தங்கச்சியா? உங்கக்கா இருந்தா ஜம்முனு வச்சிரும். எங்கப்பாரு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு, நான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். என்னையே தாண்டிடுச்சு. இப்ப எனக்குக் கை ஆடுது. ஜல்தி வரச் சொல்லு."

அக்கா, முகத்தில் பரு எடுப்பதும் சுருக்கம் எடுப்பதும்தான் உன் வேலை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். செத்தவர்களுக்குக் கண் வரைவதுதான் உன் வேலையா? அது பயமாக இருந்ததா? பயம் என்றால் பயம் என்றே எழுது. அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை, ஆனால் நான் யோசித்துச் சொல்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
ரோஸ்லின்


பெருமுக்கல்
6.3.1994

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? அப்பா நலம். நான் நலம் என்று எழுதினால் முழு உண்மை ஆகாது. தேர்வுக்குப் படிக்கிறேன், ஆனால் தூக்கம் சரியாக இல்லை.

ஏகாம்பரம் மாமா படம் வந்துவிட்டது. பெரிதாக, கண்ணாடி போட்டு. தெருவே வந்து பார்த்தது. முனியம்மாள் அக்கா ஒரு பக்கம் அழுகிறார், ஒரு பக்கம் சிரிக்கிறார். "பாத்தியா இந்த மனுசன! உசுரோட இருந்தப்ப என்ன ஒரு நாளாச்சும் இப்டிப் பாத்துருப்பாரா? செத்தப்புறம் பாக்கறாரு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கண்களை எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூடவே வரும் பார்வை. இரண்டு கருவிழியிலும் மேலே இடப்பக்கமாக, அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மா படத்தைப் பார்த்தேன். நாற்காலி போட்டு ஏறி, மூக்கு கண்ணாடியில் இடிக்கும் வரை கிட்டே போய்ப் பார்த்தேன். பிறகு இறங்கி வந்து விளக்குமாறு எடுத்து வீடு முழுவதும் பெருக்கினேன், ஏன் என்று தெரியவில்லை.

அக்கா, நேராகவே கேட்கிறேன். அம்மா படம் எப்போது எடுத்தது? அப்போது உனக்குப் பத்து வயது, உனக்குத் தெரிந்திருக்கும். அப்பாவிடம் நான் கேட்கவில்லை. நீ சொல்வதை நம்புகிறேன்.

ரோஸ்லின்


பெருமுக்கல்
5.4.1994

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழாவும் முடிந்துவிட்டது. உன் சுகத்துக்கு ஒரு வரி எழுதக்கூடாதா?

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அப்பா விழுப்புரம் வருகிறார். உன்னை ஸ்டூடியோவில் விட்டுவிட்டுத்தான் திரும்புவாராம். ஒரு வாரம் தவணை நான் கேட்டு வாங்கியது. வேண்டாம் என்று அழுது பார்த்தேன். "நீ ஏண்டி அழுவற? வேல செய்யப் போறது அவ" என்றார். எதற்கு அழுகிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். முதுகில் பார்வை விழுவது தெரிகிறது. முன்பெல்லாம் அது எனக்குப் பிடிக்கும். பரீட்சையில் கடினமான கேள்வி வந்தால் அந்தக் கண்களை நினைத்துக்கொண்டுதான் எழுதுவேன். இந்தத் தடவை நினைத்தால் ஏகாம்பரம் மாமாவின் முகமும் கூட வந்தது. கணக்குப் பரீட்சையில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது.

எதையாவது எழுது அக்கா.

ரோஸ்லின்


விழுப்புரம்
11.4.1994

மரியே வாழ்க

என் அன்புள்ள ரோசுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. நான் சுகமாக இருக்கிறேன். அப்பா வர வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடு. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மார்க்கெட் பக்கம் அரங்கநாதன் என்பவரின் மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதும் வேலை.

அது எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். மண்டி முழுக்க மூட்டைகள். நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார்.

"போட்டோக்கடைய ஏம்மா வுட்ட? உண்மையச் சொல்லிடு. நான் மல்லாட்டையக் காதுகிட்ட வச்சி ஆட்டிப் பாத்தே உள்ள பருப்பு இருக்குதா, சொத்தையான்னு சொல்றவன். எங்கிட்ட பொய் போவாது."

பதில் தேடித் தேடி ஓய்ந்துவிட்டேன் ரோசு. சொல்லிவிட்டேன். "செத்தவங்க படத்துக்குக் கண்ணு வைக்கிறதுங்க என் வேல. ஒவ்வொருத்தர் கண்ணும் எப்படி இருந்துச்சின்னு எங்களுக்குத் தெரியாது. மொதலாளி கத்துக்குடுத்த ஒரே கண்ணத்தான் எல்லாருக்கும் வைப்பேன். ஆம்பள பொம்பள, கெழவன் கொழந்த, எல்லாருக்கும் அதுதான். ஊட்டுக்காரங்க வாங்கிப் பாத்துட்டு, 'அப்டியே அவருதான்'னு அழுவாங்க. மொதல்ல எனக்கும் சந்தோசமா இருந்துச்சி. அப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும், செவுத்துல இருந்து என் கண்ணே என்னப் பாக்குதுங்க" என்றேன்.

"அதுக்காவா வுட்ட?"

"இல்லைங்க. போடப் போட, எனக்கு வேண்டியவங்க ஒருத்தர் கண்ணு எனக்கு மறந்துபோச்சி. நெனச்சிப் பாத்தா இந்தக் கண்ணுதான் வருது. அவங்க கண்ணு வரல. அதனாலதான் வுட்டேன்."

அது யார் என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பி, பின்னால் இருந்த பழைய படத்தைக் காட்டினார். சாமி படங்களுக்கு நடுவே அது இருந்ததை நான் அதுவரை பார்க்கவே இல்லை. தலையில் பூவோடு ஒரு இளம்பெண்.

"எங்கம்மா. நான் கைக்கொழந்தையா இருக்கறப்பவே பூட்டாங்க. மாமா வூட்டுல இருந்து வந்த படம் இது. காலைல கடையத் தெறந்ததும் இவங்க மூஞ்சிலதான் முழிப்பேன்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதுவும் அப்டிதானா?"

எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். மேலே இடப்பக்கமாக அந்த வெள்ளைப் புள்ளி இருந்தது. வெங்கடாசலத்தின் அப்பா கைவேலை.

"இல்லைங்க. இது உசுரோட இருக்கும்போது எடுத்தது. நெஜக் கண்ணுங்க. பாத்தாலே தெரியுது" என்றேன். அவர் முகத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

தோள் துண்டை எடுத்து அந்தக் கண்ணாடியை நன்றாகத் துடைத்தார். "வர்ற திங்கக்கெழமைல இருந்து வந்துரு" என்றார்.

அங்கே நான் சொன்னதில் பொய் அது ஒன்றுதான். காதருகில் வைத்து ஆட்டிப் பார்க்கிறவர் இதை மட்டும் ஆட்டிப் பார்க்கவில்லை.

நீ ஒன்று கேட்டிருந்தாய். பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். நம் அம்மா படம் அம்மா உயிரோடு இருக்கும்போது எடுத்தது. நிஜக் கண். பார்த்தாலே தெரிகிறது.

மே மாத லீவில் நான் வருகிறேன். நன்றாகத் தூங்கு.

உன் அக்கா,
இருதயசெல்வி


பெருமுக்கல்
17.4.1994

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை கிடைத்ததற்குக் ஆண்டவருக்கு நன்றி. நாளை முதல் நாள், நல்லபடியாகப் போக வேண்டிக்கொண்டேன். மல்லாட்டைத் தூசி உனக்கு ஆகாமல் போகலாம், நீயும் துண்டு கட்டிக்கொள். நாங்கள் நலம்.

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மண்டியில் வேலை கிடைத்தது என்பது வரைக்கும் படித்தேன். "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவதாகத்தான் உனக்குச் சொல்லியிருந்தேன், எல்லாவற்றையும் உரக்கப் படிப்பதாகச் சொல்லவில்லை.

அப்பா சந்தோஷமாக இருந்தார். அதனால் கேட்டேன். படத்தைப் பற்றி இல்லை. "அம்மா எப்படிப்பா இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன். முதலில், "எப்டி இருப்பா, மனுசி மாதிரி இருப்பா" என்றார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"உங்கம்மாவுக்கு எடது கண்ணு கொஞ்சம் வெளிய ஒதுங்கி நிக்கும். யாரப் பாக்கறான்னே தெரியாது. நான் பாட்டுக்குப் பேசிக்கினு இருப்பேன், அவ வாசல்ல கோழியப் பாக்கற மாதிரி இருக்கும். 'ஏய் அம்மணி, இங்க பாருடி'ன்னா, 'பாத்துக்கினுதான இருக்கேன்'னுவா. சிரிச்சான்னா அந்தக் கண்ணு பாதி மூடிக்கும். கண்ணாலத்துக்கு முன்ன பொண்ணு பாக்கப் போனப்ப, பக்கத்துல இருந்த எங்கண்ணனத்தான் பாக்கறான்னு நெனச்சி எனக்கு ஒரே கோவம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பா அம்மாவைப் பற்றிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கியவர் படத்தைப் பார்த்தார். நேராகப் பார்க்கும் அந்த இரண்டு கண்களையும் பார்த்தார். சிரிப்பு நின்றது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் அவரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்க மாட்டேன். நீ மண்டிக்காரரிடம் சொன்னாயே, மறந்துபோன கண் ஒன்று. அது யாருடையது என்று தெரிந்துகொள்ள இதை எழுதவில்லை. உனக்கு இது வேண்டியிருக்கும் என்று தோன்றியது, எழுதினேன். இடது கண். வெளிப்பக்கமாக. சிரித்தால் பாதி மூடும்.

படம் அங்கேயேதான் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்து, புதுப் பூ வைத்தேன். எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருடைய கண்ணாக இருந்தாலும் பன்னிரண்டு வருஷம் அதுதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் மே மாதம் நீ வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க வேண்டாம்.

இன்று படுக்கும் முன் பல்பு சுவிட்சுக்குக் கீழே வெகுநேரம் நின்றேன். வெளிச்சம் இருக்கும் வரை அம்மா என்னையே பார்க்கிறாள். இருட்டானால் அவள் வாசல் பக்கம் எங்கேயோ கோழியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கூப்பிட்டால், "பாத்துக்கினுதான இருக்கேன்" என்று சொல்லலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் செய்கிறேன். கடைசி வரியை அதற்குப் பிறகு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் ரோசு

விளக்கை அணைத்துவிட்டேன் அக்கா.